மான் தின்ற அமானிதம்

திருகோணமலைக்கு மாற்றலாகி வந்த அன்றே எனக்கு முதல் அதிர்ச்சி காத்திருந்தது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை. வவுனியாவிலிருந்து பெட்டி, மெத்தை, மின்விசிறி எல்லாவற்றையும் ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, வாடகைக்குப் பேசியிருந்த வீட்டின் படலையைத் திறக்கிறேன். முற்றத்தின் நடுவில் கொம்பு வைத்த புள்ளிமான் ஒன்று நின்று என்னை ஏற இறங்கப் பார்க்கிறது. நான் போட்ட கூச்சலில் லொறிக்காரர்தான் திடுக்கிட்டார். மான் காதைக்கூட ஆட்டவில்லை.

உள்ளேயிருந்து ஒரு பெண் வாளியோடு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, குட்டையான உருவம், இறுக்கி முடிந்த கொண்டை.

“ஏன் பிள்ளை கத்துறீர்? உது கோட்டை மான். கத்தினாப் போகாது, தண்ணி தெளிச்சாத்தான் போகும்,” என்று சொல்லி ஒரு கை தண்ணீரை அள்ளி வீசினார். மான் என்னைத் தாண்டிப் படலை வழியாக வெளியே போனது. அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

அவர்தான் வீட்டுக்காரி இரத்தினேஸ்வரி அக்கா. சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை செய்யும் கோணாமலை அண்ணையைக் கட்டி, நகரத்துக்கு வந்து குடியேறியவர். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டின் ஒரு பக்கத்து இரண்டு அறைகளை என்னைப்போல மாற்றலாகி வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். வாடகையோடு சேர்த்து இந்த ஊரில் எப்படி வாழ்வது என்ற பாடத்தையும் நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு விலக்கே கிடையாது.

எனக்கு யாராவது புத்தி சொன்னால் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் இந்த மனுஷி சொல்வதெல்லாம் சரியாக இருந்து தொலைத்தது, அதுதான் இன்னும் எரிச்சல். மீன் வாங்கப் போனால் கண்ணைப் பார்க்காதே, ஐஸில் கிடந்தால் கண் கனநாளைக்கு மினுங்கும், செவுளைத் தூக்கிப் பார் என்பார். கிண்ணியாத் தயிர் விற்பவரிடம் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டச் சொல், அவர் யோசித்தால் வாங்காதே என்பார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்குப் பக்க ஜன்னலை மத்தியானம் திறக்கக்கூடாது. நான் ஒருநாள் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்த் திரும்பினால் கட்டிலில் ஒரு சுண்டு மண். கடற்காற்றில் எதுவும் துருப்பிடித்துக் கறள் கட்டும் என்று காஸ் அடுப்பின் கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னார். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். மாரி முடிய அடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

“தம்பலகாமம் பக்கம் மோட்டார் சைக்கிளில போறதெண்டா வெயிலோட திரும்பிடும். ஆனைக்கு நீர் கச்சேரி உத்தியோகத்தர் எண்டு தெரியாது,” என்று ஒருநாள். “வெள்ளிக்கிழமை மத்தியானம் புடவைக் கடைக்குப் போகாதையும், ஜும்மாவுக்குப் பூட்டியிருப்பினம்,” என்று இன்னொரு நாள். கார்த்திகை, மார்கழியில் டச்பே கடலில் கால் நனைக்கவும் விடமாட்டார். நான் கரையில்தான் நின்றேன் என்று சொன்னாலும் பாவாடை விளிம்பைத் தொட்டுப் பார்ப்பார்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் குப்பைப் பை. இந்த ஊர் மான்களுக்குப் புல்லைவிட எங்கள் மிச்சம் மீதிதான் பிடிக்கும். காலையில் பிரட்றிக் கோட்டையிலிருந்து கூட்டமாக இறங்கி, முற்றவெளி, பஸ் நிலையம், ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றிக் குப்பையைக் கிளறித் தின்னும். சோற்றுப் பார்சல் சுற்றிய பிளாஸ்டிக் லஞ்ச் சீற்றில் உப்பும் குழம்பு வாசமும் இருப்பதால் அதையும் சேர்த்தே விழுங்கும். ஆகவே இந்த ஊரில் குப்பையை நிலத்தில் வைக்க மாட்டார்கள்; மரத்திலோ மதில் கம்பியிலோ உயரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். “மான் பின்னங்காலில எழும்பும் பிள்ளை. உம்மட தலைக்கு மேல ஒரு முழம் இருக்கவேணும்,” என்று அவரே ஒரு கிளையைக் காட்டித் தந்தார்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நகை பற்றி அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குத் தலை சுற்றியது.

அந்த நாட்களில் எங்கள் பகுதியில் இரண்டு வீடுகளில் களவு போயிருந்தது. என்னிடம் இருப்பது ஒரு சங்கிலியும் ஒரு சோடித் தோடும். எங்கே வைப்பது என்று அவரிடம் கேட்டது நான்தான். அவர் என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூட்டிப் போனார். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நசுங்கிய பிளாஸ்டிக் சொப்பின் பை தொங்கியது. உள்ளே வெங்காயத் தோல், காய்ந்த வாழைப்பழத் தோல், குழம்புக் கறையோடு மடித்த லஞ்ச் சீற். அந்தச் சீற்றை அவர் விரித்தார். அதற்குள் அவர் விசேஷங்களுக்கு மட்டும் போடும் தாலிக்கொடி மினுங்கியது.

“அக்கா!” என்றேன்.

“அலுமாரியைக் கள்ளன் முதல் உடைப்பான். அரிசிப் பானைக்குள்ள கைவிடுவான். சாமிப் படத்துக்குப் பின்னாலயும் பாப்பான். இந்த ஊத்தைப் பையைத் தொடமாட்டான். எந்தக் கள்ளனும் வேட்டி கட்டின கள்ளன்தான், கை ஊத்தையாகிறது அவனுக்கும் விருப்பமில்லை.”

வங்கியில் பெட்டகம் இருக்கிறதே என்றேன். கலியாண வீடு ஞாயிற்றுக்கிழமை வரும், வங்கி ஞாயிறு திறக்குமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். நான் என் சங்கிலியை வவுனியாவுக்கு அம்மாவிடம் அனுப்பிவிட்டேன். அதை அவர் ஒரு மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மதிலுக்கு அந்தப் பக்கத்து வீடு சுஹைராவுடையது. கிண்ணியாவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். முப்பது வயதிருக்கும். கணவர் கட்டாரில் வேலை. இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலில் ஒரு இடத்தில் கல் பெயர்ந்து தட்டு வைக்கத் தோதான பள்ளம் இருந்தது. நோன்பு மாதம் முழுக்க அந்தப் பள்ளம் வழியாகக் கஞ்சி வரும்; பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும். இந்தப் பக்கத்திலிருந்து பொங்கலும் மோதகமும் போகும். உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த பிறகு, முஸ்லிம் என்பதால் கடைத்தெருவில் எல்லாரும் தன்னையே முறைக்கிறார்கள் என்று சுஹைரா வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்திருக்கிறார். அப்போது இரத்தினேஸ்வரி அக்கா தினமும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குக் கூட்டிப் போனாராம். முறைத்துப் பார்த்த ஒருவனிடம், “என்ன தம்பி, எங்கட வீட்டுப் பிள்ளையில என்ன பாக்கிறாய்?” என்று கேட்டாராம். சுஹைரா இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் கண் கலங்குவார்.

இப்படியான சுஹைரா, தங்கையின் பிரசவத்துக்காகக் கிண்ணியாவுக்குப் போக வேண்டியிருந்தது. போய்வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வீடு பூட்டிக் கிடக்கும். கலியாணத்தில் கணவர் மஹராகக் கொடுத்த தங்க மாலையை ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்.

“அக்கா, இது உங்கட கையில இரிக்கட்டும். அமானிதம்,” என்றார்.

நம்பி ஒப்படைக்கும் பொருளை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வாங்கியவர் தன் பொருளைவிடக் கவனமாகக் காக்க வேண்டும். மறுமையிலும் அதற்குக் கணக்குக் கேட்கப்படும். இரத்தினேஸ்வரி அக்காவுக்கும் அது தெரியும். இரண்டு கையாலும் வாங்கினார். தன் தாலிக்கொடியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஊத்தைப் பையில் அந்த இடத்தைச் சுஹைராவின் மாலைக்குக் கொடுத்தார். தன்னிடமிருந்த மிகப் பாதுகாப்பான இடத்தையே கொடுத்தார். அதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

சுஹைரா போய்ச் சில நாட்களில் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, வெள்ளிக்கிழமையில் வந்தது. வெள்ளி என்றால் குசினி கழுவ வேண்டும். அக்கா பானை, போத்தல், சுளகு, ஊத்தைப் பை எல்லாவற்றையும் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தார். இரண்டு கையிலும் சவர்க்கார நுரை. பையைக் கொய்யா மரத்தின் தாழ்ந்த கிளையில் மாட்டினார். தலைக்கு மேல் ஒரு முழம் என்று எனக்குப் படிப்பித்தவர்தான், அவசரத்தில் இடுப்பு உயரத்தில் மாட்டினார். கழுவிய தண்ணீர் வெளியே ஓட வேண்டுமென்று படலையையும் திறந்து வைத்தார். உள்ளே தும்புத்தடி சரசரக்கிற சத்தம் கேட்டது.

நான் விறாந்தைக் கதிரையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு கொம்பன் மான் உள்ளே வந்தது. வலக்கொம்பின் நுனி முறிந்த கிடா. எனக்கு இப்போது மான் பழகிவிட்டது. தண்ணீர் தெளிக்கலாம், தேநீர் முடியட்டும் என்று இருந்தேன். அது கிணற்றடிக்குப் போய் எதையோ இழுத்தது. வாயில் லஞ்ச் சீற் தொங்கியது. தலையை மேலே தூக்கித் தூக்கி மென்றது. தொண்டையில் ஒரு கட்டி இறங்குவது தெரிந்தது. காற்றில் வெங்காயத் தோல் பறந்து என் காலடியில் வந்து விழுந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

கோப்பை கையிலிருந்து விழுந்தது. “அக்கா, பை! அக்கா, பை!” என்று கத்தினேன். அவர் ஓடிவந்தார். கிளையில் பையின் கைப்பிடி மட்டும் தொங்கியது. மான் எங்களைப் பார்த்துக்கொண்டே கடைசித் துண்டையும் உள்ளே இழுத்தது.

அவர் போட்ட சத்தத்தை நான் இதுவரை எந்த மனித வாயிலிருந்தும் கேட்டதில்லை. வெறுங்காலோடு, ஈரச் சேலையோடு மானின் பின்னால் ஓடினார். நானும் ஓடினேன். ஒழுங்கை தாண்டி, வீதி தாண்டி, ஓட்டோக்கள் எல்லாம் நின்று வழிவிட, முற்றவெளிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே அது தன் கூட்டத்தோடு சேர்ந்து படுத்து அசைபோடத் தொடங்கியது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்று பார்த்தோம். என்ன செய்வது? மானைத் தொட்டால் சட்டப்படி குற்றம். தொட்டாலும் வாயைத் திறந்து மாலையைத் தா என்று கேட்கவா முடியும்? அக்கா புல்லில் அப்படியே இருந்துவிட்டார்.

பின்னேரம் கோணாமலை அண்ணை வேலையால் வந்தார். கேட்டுவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். நிதானமான மனிதர். யோசித்து ஒரு வழி சொன்னார்.

“இஞ்ச பார், கள்ளன் கொண்டுபோட்டான் எண்டு சொல்லு. அதை ஆரும் நம்புவினம். மான் திண்டது எண்டு சொன்னா ஊரே சிரிக்கும்.”

அவர் சொன்னது உண்மை. பொய்யைச் சொன்னால் அக்காவின் பெயர் தப்பும். உண்மையைச் சொன்னால் அவர் கள்ளி. இப்படியும் ஒரு நிலை மனிதருக்கு வரும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“அமானிதத்தில பொய் சொல்ல ஏலாது,” என்றார் அக்கா. “நடந்ததைத்தான் சொல்லுவன். நம்பினா நம்பட்டும்.”

அடுத்தநாள் காலையில் கிண்ணியா பஸ்ஸில் அவரோடு நானும் போனேன். தனியாக விட மனம் வரவில்லை. சுஹைராவின் தாய் வீட்டில் பிள்ளை பிறந்த சந்தோஷம். எங்களைக் கண்டதும் சுஹைரா ஓடிவந்து கட்டிப்பிடித்தார். அக்கா கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

சுஹைராவின் தம்பி இன்பாஸ் வாசலில் நின்றவன், சிரித்துவிட்டான். “மானா? தங்க மாலையையா?” என்றான். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். அந்த நிறுத்தம் சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

அக்கா கழுத்திலிருந்த தாலிக்கொடியைக் கழற்றிச் சுஹைராவின் கையில் வைத்தார். “இதை எடு. என்னால வேற ஒண்டும் செய்ய ஏலாது.”

சுஹைரா அதை அக்காவின் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்து, விரல்களை மூடிவிட்டார். “உங்கட தாலிய நான் என்ன செய்யிற? மானெண்டா மான்தான் அக்கா. நீங்க சொன்னாச் சரி. அல்லாஹ் நாடினா வரும். அழாதீங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். “பாத்தீரோ பிள்ளை, ஒரு கேள்வி கேக்கேல்லை அவள். ஒரு கேள்வி! அதுதான் சுஹைரா,” என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஊர் சும்மா விடுமா? சந்தையில், கோயில் வீதியில், கச்சேரியில் என் மேசைக்கே வந்து விசாரித்தார்கள். “மான் இப்ப கழுத்தில போட்டிருக்கோ, வயித்தில போட்டிருக்கோ?” என்று கேட்டவர்களும் உண்டு. மான் தின்றிருக்காது, மனுஷர்தான் தின்றிருப்பினம் என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரு பெண்ணுக்கு அக்கா ஒரே பதில்தான் கொடுத்தார்: “மாலைக்காரியே நம்பீட்டாள், உனக்கென்ன?” அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தெருவில் நிமிர்ந்து நடந்தார்.

தினமும் காலையில் முற்றவெளிக்குப் போய் அந்த முறிகொம்பனைத் தேடுவார். உயிரோடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். அது செத்துவிடக்கூடாது என்று விரும்பினாரா, சாகவேண்டும் என்று விரும்பினாரா என்பது எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் வெளிறிய முகத்தோடு திரும்பி வந்தார்.

“பிள்ளை, கொம்பு விழுந்திட்டுது.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. மானுக்குக் கொம்பு வருடத்துக்கு ஒருமுறை விழுந்து புதிதாக முளைக்கும். நாங்கள் அடையாளம் வைத்திருந்தது முறிந்த நுனியை. இப்போது கொம்பு விழுந்த கிடாக்கள் பல, எல்லாம் மொட்டைத் தலையோடு ஒரே மாதிரி நின்றன. புள்ளியை எண்ணியா கண்டுபிடிப்பது? இந்த மான்களோடு இவ்வளவு காலம் வாழ்ந்தவர் இதை எப்படி மறந்தார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அதன் பிறகு எங்கே ஒரு மான் செத்தாலும் அக்காவுக்குத் தொலைபேசி வந்தது. சிலர் உண்மையாகவே அக்கறையில் எடுத்தார்கள், சிலர் பகிடிக்கு. எப்படி வந்தாலும் அக்கா போனார். வனவிலங்கு அதிகாரிகளிடம் நடந்ததைச் சொல்லி, உடலை வெட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் நிற்க அனுமதி வாங்கியிருந்தார். முதல் தடவை நானும் போனேன். மிருக வைத்தியரான இளம் பெண் வயிற்றைத் திறந்து உள்ளே இருந்ததை வெளியே இழுத்தார். புல் இல்லை. சொப்பின் பை, லஞ்ச் சீற், பிஸ்கட் உறை, பால்மா உறை எல்லாம் முறுக்கிக் கயிறாகி வந்துகொண்டே இருந்தன. இழுக்க இழுக்க முடியவில்லை. நான் மதியம் தின்றுவிட்டுச் சுருட்டி எறியும் அதே சீற். வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். மாலை இருக்கவில்லை. இரண்டாவது மானிலும் இருக்கவில்லை.

இதற்கிடையில் சுஹைரா வீடு திரும்பியிருந்தார். மதில் பள்ளத்தில் தட்டுகள் பழையபடி போய்வந்தன. அக்காதான் பழையபடி இல்லை. யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டார். எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த ஆசிரியை குப்பையை நிலத்தில் வைத்தார். அக்கா பார்த்தும் பேசாமல் உள்ளே போனார். நான் வேண்டுமென்றே அவர் கண் முன்னால் மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அதைப் போல என்னைப் பயமுறுத்தியது வேறில்லை. இரவு மான்கள் இருமுவது கேட்டால்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

மூன்றாவது மான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தது. வயிறு ஊதி, வாயில் நுரை. கச்சேரிக்கு அரைநாள் விடுமுறை போட்டுவிட்டு அக்காவோடு போனேன். இந்தமுறை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். வைத்தியர் பிளாஸ்டிக் உருண்டையை வெளியே எடுத்துத் தட்டில் போட்டார். பிறகு, அசைபோடும் மிருகத்தின் வயிற்றில் பாரமான பொருள் அடியில் ஒரு பையில் போய்த் தங்கும், அதையும் பார்ப்போம் என்று கத்தியை வைத்தார். கத்தி எதிலோ பட்டுக் கிணுங்கியது.

வைத்தியர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். நானும் திரும்பினேன். வைத்தியருடைய கையுறை விரல்களுக்கு நடுவில், கிழிந்த பிளாஸ்டிக் உறையோடு சேர்ந்து மாலை தொங்கியது. அழுக்கு அப்பியிருந்தது, தங்கம் தங்கமாகவே இருந்தது. அங்கே நின்ற ஆண்கள் எல்லாரும் ஒரே குரலில் “ஐயோ!” என்றார்கள். பல மாதமாகப் பகிடி பண்ணியவர்களும் அதில் இருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அக்கா அழவில்லை. செத்த மானின் நெற்றியில் கையை வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்து, சவர்க்காரம் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்துக் கழுவினார். ஈரம் துடைத்து, வெள்ளைக் கைலேஞ்சித் துணியில் வைத்து, மதில் பள்ளத்தில் வைக்காமல் முன்வாசல் வழியாக முறையாகக் கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். அந்தச் சந்தோஷத்தை என் கண்ணால் பார்க்க வேண்டுமென்று.

சுஹைரா வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். அக்கா கைலேஞ்சியை விரித்தார். “இந்தா பிள்ளை, உன்ர அமானிதம்.”

சுஹைரா மாலையைப் பார்த்தார். எடுக்கவில்லை. சந்தோஷப்படவும் இல்லை. முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் வடிந்துபோனது. மிளகாய் ஒட்டிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்:

“அக்கா, உண்மையா மானா திண்டது?”

முதலில் அக்காவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. “ஓம், பஸ் ஸ்ராண்டடியில செத்துக் கிடந்தது, வைத்தியர்தான் வெட்டி...” என்று சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். அவர் நிறுத்தியபோது எனக்கும் விளங்கியது.

“அப்ப நீ என்ன நினைச்சனி?” என்றார் அக்கா.

சுஹைரா அழத் தொடங்கினார். “என்னவோ கஷ்டம் வந்திரிக்கும், எங்கயும் அடகு வெச்சிரிப்பீங்க, சொல்ல வெக்கப்பட்டு மான் எண்டு சொல்றீங்க எண்டு நினைச்சன்.”

“கிண்ணியாவுக்கு வந்து சொன்னனே, அண்டைக்கேவா?”

“ஓம்.”

“அண்டையில இருந்து இண்டைவரைக்குமோ?”

“ஓம் அக்கா.”

“கள்ளி எண்டு நினைச்சுக்கொண்டோ என்ர கையால வாங்கிச் சாப்பிட்டனி? என்ர வீட்டுக்குக் கஞ்சி அனுப்பினனி?”

“மாலை போனாப் போகட்டும் எண்டு விட்டுட்டன். நீங்களும் போயிட்டா இந்த ஒழுங்கையில எனக்கு ஆரு இரிக்கா?”

அக்கா வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு யாருக்காக அதிர்ச்சியடைவது என்றே தெரியவில்லை. சுஹைராவே நம்பிவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாரே இந்த மனுஷி! அந்த நம்பிக்கை ஒருநாளும் இருக்கவே இல்லை. ஆனால் அது இல்லாமலேயே அந்தப் பெண் இத்தனை மாதமும் தட்டு வைத்தாரே, கட்டிப்பிடித்தாரே, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சுஹைரா படியில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய தோளில் தலையை வைத்தார். அக்கா அந்தத் தலையைத் தள்ளவும் இல்லை, தடவவும் இல்லை. மாலை கைலேஞ்சியோடு மிளகாய்ப் பாயில் கிடந்தது. கடைசியில் நான்தான் அதை எடுத்துச் சுஹைராவின் கையில் வைத்தேன்.

அக்கா வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் கதிரையைப் போட்டு மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சுஹைராமேல் எனக்கே கோபம் பொங்கிக்கொண்டிருந்தது.

“கோவமா இருக்கோ அக்கா? இருக்கத்தான் வேணும். இவ்வளவு காலமும் உங்களைக் கள்ளி எண்டு நினைச்சிருக்கிறா,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கி, முகம் வெட்கப்பட்டதுபோல இருந்தது.

“கோவிக்க ஏலாது பிள்ளை,” என்றார். “நான் அவளிட இடத்தில இருந்திருந்தா, அண்டைக்கே பொலிசுக்குப் போயிருப்பன்.”